நகத்தைப் பாருங்க!

தீபாவளிக்கு வைத்த மருதாணி பொங்கலுக்கு நக நுனியில் மட்டும்தான் நிற்கும், கவனிச்சிருக்கீங்களா? விரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளருது. அதனால் வாரம் ஒருமுறை வெட்டணும். குளித்ததும் நகம் ஊறி மிருதுவா இருக்கும், அப்போ சுலபம். பிளேடு வேண்டாம். நகத்தின் அடியில் அழுக்கோடு குடற்புழு முட்டையும் ஒட்டியிருக்கும். கடிச்சா நேரா வயித்துக்குத்தான்!

நகப்பாலீஷ் போடும் தோழிகளே, அதை ஒருநாள் எடுத்துட்டுப் பாருங்க. இளஞ்சிவப்பா இருந்தால் நல்லது. வெளுத்து, கரண்டி மாதிரி குழிந்திருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். பாலீஷ் அதை மறைச்சிடும். வாராவாரம் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியா எறியிறவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். உடனே டீ குடிக்காதீங்க, சத்து உடம்பில் சரியா சேராது.