பாடசாலையில் துன்புறும் பிள்ளையும் பெற்றோரின் மௌனமும்

ஒஸ்லோவின் புறநகர்ப் பாடசாலை ஒன்றில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பு அது. தாய்க்கு நோர்வீஜிய மொழி போதியளவு வராது. பதினொரு வயது மகனே அருகில் அமர்ந்து மொழிபெயர்த்தான். "இடைவேளைகளில் உங்கள் மகன் தனித்து நிற்கிறான். சில மாணவர் அவனைச் சீண்டுவதையும் கண்டோம். வீட்டில் ஏதேனும் சொன்னானா?" என்று வகுப்பாசிரியை வினவினார். மகன் தாயின் பக்கம் திரும்பி, "கணக்கிலை இன்னும் கவனமெடுக்க வேணுமாம், அம்மா" என்றான். தாய் தலையசைத்தார். தாய் யாவும் அறிந்திருக்கிறார் என ஆசிரியை எண்ணிக்கொண்டார். குளிர்காலம் முடியும்வரை உண்மை வெளிவரவில்லை.

அவன் பொய் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரவு வேலைக்குச் செல்லும் தந்தை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே கலங்கும் தாய். இவர்கள் தலையில் இன்னுமொரு சுமையை ஏற்ற அவன் விரும்பவில்லை. தப்பித்தவறிச் சொல்லியிருந்தாலும், "செல்லடிக்குள்ளை பள்ளிக்கூடம் போனனாங்கள், இதெல்லாம் ஒரு கஷ்டமோ?" என்ற பதிலே கிடைத்திருக்கும். எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பிள்ளையின் வாயை அடைக்க இதைவிட வேறொன்றும் தேவையில்லை.

இந்நாட்டில் 'மொப்பிங்' என வழங்கும் சொல் நிறவெறியோடு தொடர்புடையதாகவே பொது வழக்கிற்கு வந்தது. 1969இல் சுவீடனின் வைத்தியர் பீட்டர் போல் ஹைனமான், தாம் தத்தெடுத்த கறுப்பினச் சிறுவன் பிற பிள்ளைகளால் துன்புறுத்தப்பட்டதைக் கண்டு, அது பற்றி எழுதினார். பின்னர் பேர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் இதனை ஆய்வுக்குரிய விடயமாக்கினார். வலிமையில் மேலோங்கியவர், தம்மைத் தற்காக்க இயலாத ஒருவருக்கு மீண்டும் மீண்டும் தீங்கிழைப்பதே மொப்பிங் என்பது அவர் தந்த விளக்கம். அடிப்பது மட்டுமன்று, விளையாட்டில் சேர்க்காது ஒதுக்குவதும் அதில் அடங்கும்.

1982இன் பிற்பகுதியில் வட நோர்வேயில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. நாடு அதிர்ந்தது. 1983இல் நாடளாவிய இயக்கம் தொடங்கியது. பேர்கனில் 42 பாடசாலைகளின் ஏறத்தாழ 2,500 மாணவரைத் தொடர்ந்து கவனித்த ஒல்வேயுஸ், இரு ஆண்டுகளில் மொப்பிங் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் கண்டார். இடைவேளைகளில் வளர்ந்தோர் கண்காணித்தனர். வகுப்புகளில் விதிகள் வகுக்கப்பட்டன. பெற்றோர் அழைத்துப் பேசப்பட்டனர். வளர்ந்தோர் தலையிட்டால் நிலைமை மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 2017 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்து, 2024இன் புதிய கல்விச் சட்டத்திலும் தொடரும் விதியின்படி, தனக்குப் பாடசாலை பாதுகாப்பாக இல்லை என்று பிள்ளை கூறினாலே பாடசாலை செயற்பட வேண்டும். பிள்ளை சாட்சி கொண்டுவரத் தேவையில்லை. என்ன செய்யப்படும், யார் பொறுப்பு, எப்போது மீளாய்வு என்பவற்றை எழுத்தில் தர வேண்டும். அதிபரிடம் முறையிட்டு ஒரு வாரம் கடந்தும் போதிய நடவடிக்கை இல்லையெனில், 'ஸ்டாட்ஸ்போர்வால்டர்' எனப்படும் மாவட்ட அரச நிர்வாகப் பணிமனைக்குப் பெற்றோர் அறிவிக்கலாம். முறையிட்டால் விசாவுக்குப் பாதகம் வருமோ என அஞ்சுவோர் எம்மிடையே உளர். பிள்ளையின் பாடசாலை பற்றிய முறைப்பாட்டுக்கும் வதிவிட அனுமதிக்கும் யாதொரு தொடர்புமில்லை.

எல்லாவற்றிலும் எம்மவர் அறியவேண்டியது மொழிபெயர்ப்பாளர் சட்டம். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின்படி, அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அரச நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்கப் பயன்படுத்தலாகாது. தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது நிறுவனத்தின் கடமை. பெற்றோர் பணம் செலுத்தவேண்டியதில்லை. சந்திப்புக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு ஓரளவு விளங்கும்" என்ற கூச்சம் வேண்டாம். ஓரளவு விளங்குவது வாடகைக் கடிதத்துக்குப் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டியுள்ளது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளிலும் இது நடக்கிறது. தமிழ் தடுமாறும் பிள்ளையை நையாண்டி செய்வது, நிறத்தைச் சொல்லிப் பட்டம் வைப்பது, பெற்றோர் வாயில் கேட்ட ஊர், சாதிப் பேச்சைப் பிள்ளைகள் மைதானத்திற்குக் கொண்டுவருவது. நோர்வீஜியப் பிள்ளை செய்தால் இனவெறி என்கிறோம். எம் பிள்ளை செய்தால் பகிடி என்கிறோம்.

அந்தத் தாய் இரண்டாவது சந்திப்புக்குச் சென்றபோது மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். மகன் வெளியே வாங்கில் காத்திருந்தான். முக்கால் மணி நேரம் சென்றது. "என்னவாம் அம்மா?" என்று கேட்டான். ஆசிரியை சொன்னவற்றைத் தாய் ஒன்றும் விடாமல் அவனுக்குச் சொன்னார்.