வேட்டை நாயும் மாடி வீடும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"நாய்க்குட்டி வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்காத வீடு அரிது. எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் அக்குரல் எழுந்தது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் விவசாயம் செய்யும் எங்கள் பெரியப்பா வீட்டுச் சிப்பிப்பாறை நாய் ஆறு குட்டிகள் போட்டிருந்தது. "பால்குடி மறந்ததும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரே கூறினார். அக்காள் தம்பியாகிய எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நாங்கள் குடியிருப்பதோ மதுரையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில். இரண்டு அறைகள், ஒரு கூடம், நான்கடி அகலத்தில் ஒரு பால்கனி. அவ்வளவே எங்கள் வீடு.

அப்பா மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. "குட்டி வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இந்த வீடு வேண்டும் என்று குட்டி சொல்லுமா? நன்றாக விசாரித்துவிட்டு வாருங்கள்" என்றார். அவ்வாறு விசாரித்து அறிந்தவற்றையே இங்கே தோழியர் முன் வைக்கிறோம்.

வேட்டை நாய்களில் இரு வகை

வேட்டை நாய்கள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. மோப்பம் பிடித்து வேட்டையாடுபவை ஒரு வகை. கண்ணால் கண்டு துரத்துபவை மற்றொரு வகை. பீகிள், பிளட்ஹவுண்ட் முதலியன முதல் வகையைச் சேர்ந்தவை. இவை மூக்கைத் தரையோடு வைத்து நெடுநேரம் தடம் பற்றிச் செல்லும். பின்னால் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்கும்படி நீண்ட குரலும் எழுப்பும். கிரேஹவுண்ட், சலூக்கி, கர்நாடகத்து முதோல், நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை இரண்டாம் வகை. நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, குறுகி நீண்ட முகம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். முயலைக் கண்டால் அம்புபோல் பாயும். ஓட்டம் முடிந்ததும் படுத்துவிடும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றமாகும். ஆகவே இந்நாய்களின் பழைய தொழில் போய்விட்டது. இன்று அவை வீட்டையும் விளைநிலத்தையும் காக்கின்றன. எனினும் தொழில் போனாலும் குணம் போகவில்லை.

2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் முதோலும் அவற்றில் இடம்பெற்றன. 2020ஆம் ஆண்டு பிரதமரின் வானொலி உரையிலும் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்கள் ஒலித்தன. நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமைக்காக ஒரு நாயை வாங்குவது வேறு. அதைப் பேணி வளர்ப்பது வேறு.

இடம் போதுமா?

பெரிய நாய்க்குப் பெரிய வீடும் சிறிய நாய்க்குச் சிறிய வீடும் போதும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறு. பீகிள் உருவில் சிறியது. ஆனால் தனியே விட்டுச் சென்றால் அதன் ஊளை நான்கு வீடுகளுக்குக் கேட்கும். கிரேஹவுண்ட் உயரமானது, ஆயினும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகள் மேல்நாடுகளில் மாடி வீடுகளில் அமைதியாக வாழ்கின்றன. நூறு மீட்டர் ஓட்டக்காரியைப்போல, அவை வேகமாக ஓடிவிட்டு நெடுநேரம் ஓய்வெடுக்கும் உடல்வாகு கொண்டவை.

நாங்கள் சென்று கேட்ட கால்நடை மருத்துவர் இதைச் சுருக்கமாக விளக்கினார். "நாய் தூங்குவதற்கு ஒரு பாய் அகலம் போதும். அது விழித்திருக்கும்போது அதனுடன் யார் இருப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார். எங்களால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டோம். "பாப்பா, கிரேஹவுண்டு மாதிரி எல்லாம் இது வர்றவன் போறவனைப் பார்த்துப் படுத்துக் கிடக்காது. ராத்திரி காட்டுல சருகு அசைஞ்சாலே எந்திரிச்சிரும். உங்க மாடிப்படியில நாள் முழுக்க ஆள் நடமாட்டம். அது எப்பத் தூங்கும்?" என்றார். பழக்கினால் மாறாதா என்று மருத்துவரிடம் வினவினோம். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் சுமார் பதினான்காம் வாரம் வரை அது காணும் மனிதர்களையும் கேட்கும் ஓசைகளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும்; அப்பருவத்தில் பொறுமையாகப் பழக்கினால் பெரிதும் மாறும் என்றார். ஆனால் அதற்கும் வீட்டில் ஆள் வேண்டும்.

மாடியில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, கழுத்துப்பட்டை. இவ்வகை நாய்களுக்குத் தலை கழுத்தைவிடப் பெரிதன்று. சாதாரணப் பட்டையிலிருந்து தலையை எளிதில் உருவிக்கொள்ளும். அகலமான, இழுத்தால் அளவோடு இறுகும் பட்டையே ஏற்றது.

இரண்டாவது, துரத்தும் குணம். ஓடும் பூனையையோ அணிலையோ கண்டால் நாம் அழைப்பது அதன் காதில் ஏறாது. ஆகவே மதில் இல்லாத இடத்தில் வாரை அவிழ்க்கக் கூடாது. பால்கனியில் வந்து அமரும் புறாவைப் பிடிக்கவும் பாயும் என்பதால் கம்பி வலை அவசியம்.

மூன்றாவது, படுக்கை. உடலில் கொழுப்பு குறைவு, உரோமமும் குட்டை. வெறுந்தரையில் நெடுங்காலம் படுத்தால் முழங்கைகளில் தோல் தடித்துப் புண்ணாகும். தடித்த விரிப்பு வேண்டும்.

நான்காவது, வெயில். மதுரையின் சித்திரை மாதத் தார்ச்சாலை அதன் பாதங்களைப் பொசுக்கிவிடும். நம் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால், நாயை அதன்மேல் நடத்தக் கூடாது.

சட்டமும் இதில் உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்க இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. அதற்காக அண்டை வீட்டாரைத் துன்புறுத்த உரிமை உண்டு என்று பொருளல்ல. பொது இடத்தைத் தூய்மை செய்வதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும் வளர்ப்பவர் கடமை. நாயைக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நாயில்லாத நடை

இவ்வளவும் அறிந்த பின்பும் எங்களுக்கு ஆசை விடவில்லை. அப்போது அம்மா ஒரு வழி சொன்னார். "முப்பது நாள், காலையிலும் மாலையிலும் முக்கால் மணி நேரம் நாயோடு நடப்பதாக நினைத்து நடந்து பாருங்கள்." செப்டம்பரில் தொடங்கினோம். நடந்த வேளைகளை நாட்காட்டியில் குறித்து வந்தோம்.

முதல் வாரம் பதினான்கு வேளையும் நடந்தோம். பால்காரர்கூட எங்களைப் பாராட்டினார். இரண்டாம் வாரம் மழையால் பதினொன்றாயிற்று. மூன்றாம் வாரம் காலாண்டுத் தேர்வு; நான்கே வேளை. எஞ்சிய நாட்களில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது, ஒன்பது வேளை. மொத்தம் அறுபதில் முப்பத்தெட்டு!

விடுபட்ட இருபத்திரண்டு வேளைகளிலும் அந்நாய் கதவருகே நின்று எங்களையே பார்த்திருக்கும். அல்லது வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குக் களைத்து வரும் அம்மா அதை அழைத்துச் சென்றிருப்பார். மேலும், எங்கள் வீடு காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை பூட்டியே கிடக்கிறது. நாயின் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் எங்களில் ஒருவர் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவோம். பிறகு அதற்கு யார்?

குட்டி வேண்டாம் என்று நாங்களே பெரியப்பாவிடம் தெரிவித்தோம். தம்பி இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. குட்டி பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போயிற்று. பொங்கல் விடுமுறையில் அதைக் கண்டோம். கம்மாய்க்கரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அது ஓடியதைப் பார்த்தபோது எங்கள் கண்கள் கலங்கின. ஓடி முடித்து வேப்ப மர நிழலில் படுத்துக்கொண்டது. தம்பி அதன் அருகே அமர்ந்து, "உன்னை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகாதது நல்லதுதான்" என்றான்.

தோழியரே! மாடி வீட்டில் வேட்டை நாய் வளர்க்கவே கூடாது என்று நாங்கள் கூறவில்லை. பகலில் வீட்டில் ஆள் இருந்து, நாள்தோறும் நடக்க நேரமும் மனமும் இருந்தால் தாராளமாக வளர்க்கலாம். வீட்டை அளப்பதற்கு முன் நம் நாளை அளந்து பார்ப்போம். ஓர் உயிரிடம் நாம் காட்டும் அன்பு, சில வேளைகளில், அதை வேண்டாம் என்று சொல்வதிலும் இருக்கிறது என்பதை உணர்வோமாக!