சினிமா கலெக்‌ஷனுக்கு பாக்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த டெஸ்ட் பண்ணுங்க!



வீட்டில் இருந்த டிவிடி எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்கில் ஏத்தியாச்சு. அக்கா கல்யாண கேசட்டையும் கடையில் கொடுத்து டிஜிட்டலா மாத்தியாச்சு. அடுத்து, டிவியில் பார்க்க என்ன பாக்ஸ் வாங்கறதுன்னு தேட ஆரம்பிச்சிருப்பீங்க. கார்டை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

1. முதல் டெஸ்ட்: செலவு 0 ரூபாய்

ஹார்டு டிஸ்க்கை டிவியோட யூஎஸ்பி போர்ட்டில் நேரா சொருகுங்க. ஒரு டிவிடி படம், ஒரு ப்ளூ-ரே படம், கல்யாண வீடியோ, மூணையும் ஓட்டிப் பாருங்க. படம் ஓடுது, சத்தம் மட்டும் வரலையா? டிவி ரிப்பேர்னு நினைக்காதீங்க. ஃபைலில் டிடிஎஸ் ஆடியோ இருந்தா நிறைய டிவி அதைப் படிக்காது. உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி என்றால், விஎல்சி ஆப்பை இலவசமா இறக்கி அதில் திறந்து பாருங்க. பல பேருக்கு வேலை இங்கேயே முடிஞ்சிடும்.

2. அப்பவும் ஓடலையா?

அப்போதான் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். முழு யூஎஸ்பி போர்ட் இருக்கணும் (ஸ்டிக் மாடலில் பெரும்பாலும் இருக்காது), எச்.265 ஃபைல் ஓடணும். இந்த ரெண்டையும் பார்த்தா போதும். 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு போட்டிருந்தாலும் ப்ராசஸிங் கட்டணம், வட்டி மேல 18% ஜிஎஸ்டி வருதான்னு படிச்சுப் பாருங்க.

3. சர்வர் யாருக்கு?

ரெண்டு, மூணு ரூமில் பார்க்கிறவங்களுக்கு மட்டும். ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், பழைய லேப்டாப்பே போதும். பிளெக்ஸ் வாழ்நாள் சந்தா 2025 ஏப்ரலில் 120 டாலரிலிருந்து 250 டாலராச்சு.

கரண்ட் கணக்கும் முக்கியம். 80 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப் 24 மணி நேரமும் ஓடினா மாசம் 57.6 யூனிட். 10 வாட் பாக்ஸ் தினம் 3 மணி நேரம் ஓடினா 0.9 யூனிட்தான். ஸ்லாப் முறையில் இந்தக் கூடுதல் யூனிட் உங்க பில்லோட மேல் ஸ்லாப் விலையில்தான் விழும்.

4. மிச்சமான பணம் எங்கே போகணும்?

ரெண்டாவது ஹார்டு டிஸ்க்குக்கு! படம் தொலைஞ்சா ஓடிடியில் தேடிக்கலாம். அக்கா கல்யாணத்தை எங்கே தேடுவீங்க?

நோணாங்குப்பம் மாதிரி ஊரை எடுத்துக்கங்க. பக்கத்திலேயே சுண்ணாம்பாறு, அந்தாண்ட கடல். ஈரக்காத்தில் கேசட் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், அதனால ஒரிஜினலை நம்பி இருக்க முடியாது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி நாளில் ரெண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவோட அடித்தட்டில் இருந்தா, ரெண்டு காப்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு வேற ஊரில் அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சொருகி, ஃபைல் திறக்குதான்னு பாருங்க.

பாக்ஸை அடுத்த சம்பளத்தில்கூட வாங்கலாம். காப்பியை இந்த வாரமே எடுத்துடுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!