போலிப் போரில் மெய்யான கட்டளை

சண்டையிடுவதற்கன்றி, முன்னர் நடந்த சண்டையை நடித்துக் காட்டுவதற்கென்றே ஒரு சேனையைத் திரட்டினால், அதில் உத்தரவிடுவோர் யார்? பணிவோர் யார்?

இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ‘சீல்டு நாட்’ என்னும் சங்கத்தார் இதற்கு விடை கண்டிருக்கின்றனர். மன்னர் முதலாம் சார்லசுக்கும் பார்லிமெண்டுக்கும் 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போரை இவர்கள் களத்தில் நடித்துக் காட்டுகின்றனர். சங்கத்தைத் தோற்றுவித்த பிரிகேடியர் பீட்டர் யங், இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ படையில் பொருதவர். பின்னர் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் போர் வரலாறு கற்பித்தவர். ஆகவே, சங்கம் சேனையின் உருவிலேயே அமைந்ததில் வியப்பில்லை.

மன்னர் படை, பார்லிமெண்டுப் படை என இரு சேனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி. அவருக்குக் கீழ் ரெஜிமெண்டுகள். பழைய வழக்கப்படி, பெரும்பாலான ரெஜிமெண்டுகள் அக்காலக் கர்னல் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும். அதனுள் நெடிய ஈட்டி ஏந்துவோர், மஸ்கெட் துப்பாக்கி ஏந்துவோர், முரசறைவோர், கொடி தாங்குவோர் எனப் பிரிவுகள் உண்டு. வார நாட்களில் குமாஸ்தாவாக இருப்பவர் களத்தில் காப்டன் ஆகலாம். அவருடைய மேலதிகாரி கடைசி வரிசையில் ஈட்டி தூக்கவும் நேரலாம். உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர் பலருக்கு இது இனிய கற்பனையாகத் தோன்றும்!

ஆனால் வேடிக்கை அவ்வளவே. துப்பாக்கியில் குண்டு இடுவதில்லையே தவிர, வெடிமருந்து மெய்யானது. அதை வைத்திருக்கப் போலீஸாரின் சான்றிதழ் வேண்டும். மிக அருகில் சுட்டால், குண்டின்றியும் தீக்காயம் உண்டாகும். புகையும் முழக்கமும் சூழ்ந்த களத்தில் ஒருவர் ஆர்வ மிகுதியால் தம் விருப்பப்படி சுட்டுவிட்டால் என்னாவது? இதற்காகவே ‘ஆயத்தம், நீட்டு, சுடு’ என்று கட்டளைகள் படிப்படியாக வருகின்றன. சம்பளமோ இராணுவ நீதிமன்றமோ இல்லாத இச்சேனையில், பணியாதவருக்குக் களத்தில் இடமில்லை என்பதே பெருந்தண்டனை.

மெய்ப்போரில் காணாத விந்தை வேறொன்று உண்டு. எதிரெதிர்த் தளபதிகள் முன்கூட்டியே கலந்து பேசிப் போரின் போக்கை வகுத்துக்கொள்கின்றனர். 1644 ஜனவரியில் நாண்ட்விச்சில் தோற்ற மன்னர் படை, அப்போரை நடிக்கும்போதெல்லாம் தோற்றே ஆகவேண்டும்; டில்லியில் ராமலீலா கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஈட்டி வீரர்கள் மோதும்போது, ஈட்டிகளை மேல்நோக்கி நிமிர்த்திவிட்டுத் தோளோடு தோள் முட்டித் தள்ளுகின்றனர். எவரேனும் மெய்யாகவே அடிபட்டு வீழ்ந்தால், இரு தரப்பாரும் அவ்விடத்தில் போரை நிறுத்தி விலகி, அவருக்கு வழிவிடுகின்றனர்.