விளம்பரம் சொன்ன தூரமும் மலை சொன்ன தூரமும்

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் நம் முன்னோர், விற்பவன் சொல்லும் பெருமைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால், விலை பேசுமுன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கத் தவறமாட்டார்கள். வாய்ச்சொல் பொய்த்தாலும் பல் பொய்க்காது என்பது அவர்கள் கண்ட உண்மை. இன்று ஊவாவின் மலைப்பாதைகளில் ஓசையின்றி ஏறிவரும் மின்சாரக் காருக்கோ வாயும் இல்லை, பல்லும் இல்லை. அதன் வயதை எங்ஙனம் அறிவது? இக்கேள்வி சில மாதங்களுக்கு முன் நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்கு நண்பர். ஊரார் அனைவருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவருடைய துணைவியார் வாரத்தில் பல நாள் பதுளை வைத்தியசாலைக்குச் சென்றுவர வேண்டியவர். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது, முச்சக்கர வண்டி கிடைக்காமல் அவ்வம்மையார் பட்ட பாட்டை மாஸ்டர் மறக்கவில்லை. பணிக்கொடைப் பணத்தில் எஞ்சியிருந்ததைத் திரட்டிப் பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்க அவர் முடிவு செய்ததற்கு அதுவே காரணம். ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, நம்மிடம் யோசனை கேட்க வந்தார்.

விளம்பரம் கூறியதாவது: 'நிசான் லீஃப். ஒருமுறை மின்னேற்றினால் 228 கிலோமீற்றர். 80 கிலோவாட் மின்கலம். 12 கட்டங்களும் குறையாதது. விரைவு மின்னேற்றம், வழிகாட்டும் கருவி, கைப்பேசியால் இயக்கும் வசதி யாவும் உண்டு.' கார் பண்டாரவளையில் இருந்தது.

படித்த மாத்திரத்தில் எவர்க்கும் ஆசை எழும். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 230 கிலோமீற்றர். நடுவில் நிற்காமலே கொழும்பைத் தொட்டுவிடலாம் என்று மாஸ்டர் மனக்கோட்டை கட்டியிருந்தார். அவ்விளம்பரத்தை நாம் சொற்சொல்லாக ஆராயத் தொடங்கினோம்.

முதலில் அந்த 228. அது விற்பவரின் கற்பனையன்று. 2012ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தியமைக்கப்பட்ட லீஃப் காருக்கு, அந்நாளைய ஜப்பானியப் பரிசோதனை முறைப்படி குறிக்கப்பட்ட தூரமே அது. பரிசோதனைக் கூடத்திலே, புத்தம்புதிய மின்கலத்தோடு, மேடு பள்ளமில்லாத உருளைகளின்மேல் ஓடிக் கண்ட அளவு. அதே 24 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட 2014ஆம் ஆண்டு மாதிரிக்கு அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் குறித்த தூரமோ 84 மைல்; அதாவது சுமார் 135 கிலோமீற்றர். கார் ஒன்றே, அளவுகோல்கள் இரண்டு. எந்த நாட்டு அளவுகோல் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, படி எது மரக்கால் எது என்று சொல்லாமல் நெல் அளப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, '80 கிலோவாட் மின்கலம்' என்பது. இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். மாணவர்கள் இதனைக் கருத்தூன்றி நோக்குதல் நன்று. கிலோவாட் என்பது வலு. கிலோவாட் மணி என்பது சக்தியின் அளவு. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது வேறு. குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பது வேறு. 80 கிலோவாட் என்பது அக்காரின் மோட்டாரின் வலு, அதாவது குழாய். தொட்டியோ 24 கிலோவாட் மணிதான். நம் வீட்டு மின்சாரப் பட்டியலில் காணும் 'அலகு' ஒன்று சரியாக ஒரு கிலோவாட் மணியாகும். ஆகவே, புதியதாய் இருந்த காலத்திலும் அக்கார் சுமந்தது 24 அலகு மின்சாரமே.

மோட்டாரின் வலு சிறிய செய்தியன்று. நம் நாட்டில் மின்சாரக் கார்களுக்கான உற்பத்தித் தீர்வை அந்தக் கிலோவாட் கணக்கிலேயே விதிக்கப்படுகிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், அதே ஆண்டில் ஒருவகைக் கார்களின் மோட்டார் வலு பத்திரத்தில் உள்ளபடிதானா என்று சுங்கத் திணைக்களம் ஐயுற்றுத் தடுத்துவைத்ததும், வழக்கு நீதிமன்றம் சென்றதும் பலர் நினைவில் இருக்கும். அரசாங்கத் திணைக்களமே நின்று நிதானித்துப் பார்க்கும் எண்ணைக் குடும்பத் தலைவர் ஒருவர் பாராமல் விடலாமா?

மூன்றாவது, கைப்பேசி வசதியும் வழிகாட்டும் கருவியும். ஜப்பானில் விற்கப்பட்ட காரின் வழிகாட்டி ஜப்பானிய வீதிகளை அறியும். ஹாலி-எலச் சந்தியை அறியாது. கைப்பேசி வசதியோ தயாரிப்பாளர் அந்நாட்டில் நடத்தும் சேவையை நம்பியது. பிரித்தானியாவிற்கூட, 2016 வரை உருவான லீஃப் கார்களுக்கு இச்சேவை 2024இல் நிறுத்தப்பட்டது. பொத்தான் இருப்பது உண்மை, அழுத்தினால் பயனில்லை. விரைவு மின்னேற்றத் துளையும் அப்படியே. ஜப்பானிய முறையாகிய சாடெமோவுக்குப் பொருந்தும் நிலையம் நாம் போகும் வழியில் உண்டா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

எஞ்சியது அந்த 12 கட்டங்கள். மின்கலத்தின் கொள்ளளவு குறையக் குறைய, முகப்பிலுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாக அணையும். கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்த பின்னரே முதற் கட்டம் மறையும். ஆகவே 12 கட்டமும் எரிவது புதுமைக்குச் சான்றாகாது. அதனினும் பெரிய சங்கதி, அக்கணக்கை வைத்திருக்கும் கணினியின் நினைவை அழித்துவிட்டால், முதிர்ந்த மின்கலமும் சிறிது காலம் 12 கட்டங்களைக் காட்டும் என்பது. கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி எண்ணெய் பூசுவது போன்ற வித்தை இது.

அப்படியானால் பல்லைப் பார்க்கும் வழி யாது? வழி மிக எளியது. அது எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதுதான் மின்மானி.

பண்டாரவளைக்குச் சென்றோம். மின்சாரம் தீரும் தறுவாயில் முகப்பில் ஆமை உருவம் தோன்றும்வரை, விற்பவரின் வீட்டைச் சுற்றியே காரை ஓட்டச் செய்தோம். பின்னர் மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு இரவு முழுதும் மின்னேற்றினோம். காலையில், வீட்டின் மற்றப் பாவனையைக் கழித்துப் பார்த்தபோது கார் குடித்திருந்தது 15 அலகு. ஏற்றும்போது வீணாகும் பங்கை நீக்கினால், மின்கலத்தில் சேர்ந்தது சுமார் 13 அலகுதான். புதிய காரானால் பாவிக்கத்தக்கதாக 21 அலகளவு இருந்திருக்கும். முகப்பிலோ 12 கட்டங்களும் சுடர்விட்டுக்கொண்டிருந்தன!

"சேர், நான் வாங்கும்போதும் இப்படித்தான் இருந்தது" என்றார் விற்பவர். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவரும் ஏமாந்தவரே என்று நமக்குத் தோன்றிற்று.

அங்கேயே தாளெடுத்துக் கணக்கிட்டோம். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். அப்புத்தளை சுமார் 1,430 மீற்றர். ஆட்களோடு 1,800 கிலோகிராம் எடையுள்ள காரை அந்த 750 மீற்றர் தூக்கி நிறுத்துவதற்கு மட்டும் நாலலகு வேண்டும். நாற்பது கிலோமீற்றர் தூரம் ஓடுவதற்கு ஆறலகு. ஆகப் பத்து. மிஞ்சுவது மூன்று. இறங்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றிச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும் என்பது மெய்யே. எனினும் தூக்கியதில் பாதியளவே மீளும் என்று வைத்தாலும், வீடு திரும்ப நாலலகு தேவை. தெமோதரையைத் தாண்டிய பின் எங்கோ ஒரு வளைவில் கார் நின்றுவிடும். அப்புத்தளைக் குளிருக்குச் சூடாக்கியைப் போட்டால் அதற்கும் முன்னரே நின்றுவிடும்.

மாஸ்டர் வாயடைத்துப் போனார். வாழ்நாள் உழைப்பல்லவா? மௌனத்தைக் கலைத்தவர் அவருடைய துணைவியார்தான். "ஏங்க, நமக்கு அப்புத்தளைக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரிக்குப் போய்வர இது காணுமா காணாதா, அதைச் சொல்லுங்க" என்றார்.

எத்தனை நேரிய கேள்வி! தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போய்வர நாற்பது கிலோமீற்றர். ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தாலும் எட்டலகுக்குள் அடங்கும். வருடங்கள் செல்லச் செல்ல மின்கலம் இன்னும் தளரும். எனினும் சில காலத்துக்குப் போதும். கார் குற்றமுடையதன்று, சொன்ன விலையே குற்றமுடையது. 13 அலகு கொள்ளும் காருக்கு உரிய விலையை மாஸ்டர் சொன்னார். விற்பவர் உடனே இணங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தாமே அழைத்தார். மின்மானிக் கணக்கை ஒப்பந்தத்தில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டனர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுதல் நம் கடமை. மின்னேற்றும்போது மணிக்கணக்காகப் பெருமின்னோட்டம் பாயும். லயன் வீடுகளிலும் பழைய குவாட்டர்ஸ்களிலும் உள்ள மெல்லிய கம்பிகள் அதைத் தாங்கமாட்டா. மாஸ்டர் தகுதிவாய்ந்த மின்வினைஞரைக் கொண்டு தனிக் கம்பியும் முறையான 'எர்த்' தொடர்பும் போட்ட பின்னரே காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அவ்வம்மையார் எவர் கையையும் எதிர்பாராமல் வைத்தியசாலைக்குச் சென்று வருகிறார். முகப்பிலே இரண்டு கட்டங்கள் அணைந்துவிட்டனவாம். மாஸ்டர் அதற்காகக் கவலைப்படவில்லை. "கார் இப்போதுதான் உண்மை பேசப் பழகுகிறது" என்று சொல்லிச் சிரிக்கிறார்.