ஈயைக் கொன்ற கடல்புழு... கொசுவை ஒழிக்குமா கடற்பாசி?

ஜப்பானில் தூண்டிலில் இரையாகக் கோக்கும் கடல்புழு ஒன்று உண்டு. செத்துப்போன அந்தப் புழுவின் மேல் உட்கார்ந்த ஈக்களும் செத்து விழுந்தன. காரணம், புழுவின் உடலில் இருந்த 'நெரிஸ்டாக்சின்' என்ற நஞ்சு. 1934-ல் பிரித்தெடுக்கப்பட்ட இது, பூச்சிகளின் நரம்பு மண்டலத்தை முடக்கிவிடும். இதை மாதிரியாக வைத்து 1960-களில் உருவான 'கார்டாப்' மருந்து, நம்மூர் நெல்வயல்களிலும் குருத்துப்பூச்சிக்குப் போடப்படுகிறது.

இப்போது கொசுவின் முறை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் பல நாடுகளில் பழைய மருந்துகளுக்கு அசைந்துகொடுப்பதில்லை. அதனால் ஆய்வாளர்கள் கடல் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். தமிழகக் கடலோரத்தில் சேகரித்த கடற்பாசிகளின் சாறு, ஆய்வகத்தில் கொசுப்புழுக்களைக் கொன்றிருக்கிறது.

ஆனால், ஆய்வகக் கிண்ணம் வேறு, வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வேறு. இயற்கை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. அந்தக் கடல்புழுவைக் கையாண்டவர்களுக்கே தலைவலி, வாந்தி வந்ததுண்டு. கார்டாப் மீன்களுக்கும் ஆகாது. கடற்பாசிச் சாறும் இந்தச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும்.

அதுவரை? முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவினாலே போதும். கொசுப்புழு கொசுவாகாது!