பழைய கணினிக்குப் புதிய கார்டு

பத்து வருஷம் உழைத்த மேஜைக் கணினியைக் கழித்துவிட மனமும், புதிது வாங்கப் பணமும் இல்லாத அன்பர்கள், அதற்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு வேகமானதென்று நம்மிடம் கேட்கின்றனர். முதலில் எழ வேண்டிய கேள்வி அதுவன்று. பெட்டிக்குள்ளிருக்கும் பவர் சப்ளையின் சக்தி எவ்வளவு என்பதேயாம். காரியாலயங்கள் உபயோகித்துக் கழித்த கணினிகள் பலவற்றில் அது 300 வாட்டுக்கும் குறைவு. கார்டுக்கென்று தனி மின்கம்பியும் இராது. கார்டைச் செருகும் ஸ்லாட் அளிக்கக்கூடியதோ 75 வாட் மட்டுமே. அதற்கு மிஞ்சிய கார்டை வாங்கினால் பவர் சப்ளையையும் மாற்ற நேரும். சில கணினிகளில் கடைச்சரக்கான பவர் சப்ளை பொருந்துவதுமில்லை.

2019-ல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650-ல் தனி மின்கம்பி வேண்டாத ரகமே இவர்களுக்கு ஏற்றதென்பது நமது அபிப்பிராயம். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6400 கொள்ளும் மின்சாரம் 53 வாட்தான். ஆயினும் அது பிசிஐஇ பாதைகளில் நான்கை மட்டுமே உபயோகிப்பதால், பழைய மதர்போர்டில் போக்குவரத்து பாதியாகி, ஆட்டங்களில் தளர்ந்துவிடுகிறது.

பிறிதொன்று நம்மைச் சினங்கொள்ளச் செய்கிறது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரு சரக்குகள் உலவுகின்றன. 2017-ல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகமுடையது. 2018-ல் வந்தது டிடிஆர்4. பின்னதன் நினைவக வேகம் முன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? சொற்பப் பணத்துடன் வரும் மாணவன் அட்டைப்பெட்டியின் சிற்றெழுத்தை ஆராய்வானென்று எதிர்பார்க்கலாமா?

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டுமே கணினி வேண்டுவோர்க்குக் கார்டே அனாவசியம். அத்தொகைக்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்திக்கொள்வார்களாக.